மேல் சீல் கிழியாத பெட்டி

"எங்கண்ணன் போலிய மாட்டற ஆளு இல்ல சார். ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க, சாயங்காலத்துக்குள்ள அவர் பேர்ல கேஸ் எழுதிருவாங்க. உங்கள விட்டா எனக்கு யாருமில்ல."

மெக்கானிக்கின் தங்கை, பிரேக் பேடு வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை இன்சூரன்ஸ் சர்வேயரின் மேசைமேல் வைத்தாள். அண்ணன் பழுதுபார்த்துக் கொடுத்த பிறகு விபத்துக்குள்ளான காரிலிருந்து கழற்றிய நான்கு பிரேக் பேடுகள் ஏற்கெனவே அங்கே கிடந்தன. ஒன்றில் உராயும் பகுதி தகட்டை விட்டுப் பெயர்ந்திருந்தது. காரை ஓட்டிய ஆசிரியை மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை.

"பெட்டி அசல், பேடு போலி. அப்போ மெக்கானிக்தானே மாத்தியிருக்கணும்?" என்றார் உதவியாளர். அலுவலகத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

தங்கையின் முகம் செத்துப்போனது.

சர்வேயர் பெட்டியைத் திருப்பினார். அடிப்பக்கம் கத்தியால் கீறப்பட்டிருந்தது. மேல்மூடியின் சீல் கிழியவில்லை.

"அண்ணன் அடியிலதான் அறுப்பாராம்மா?"

"ஆமா சார். மேல இருக்கற நம்பர் கிழியக்கூடாதும்பாரு."

பூதக்கண்ணாடியை எடுத்துப் பெட்டியையும் பேடையும் பார்த்தவர், அவற்றை விற்ற கடைக்காரரை வரவழைக்கச் சொன்னார்.

"கப்பல்ல வந்தபடியே கொடுத்தேன். நான் தொடவே இல்ல," என்றார் கடைக்காரர், வந்ததும் வராததுமாக.

"பெட்டியில இறக்குமதித் தேதி போன அக்டோபர். பேடு தகட்டுல தயாரிச்ச தேதி இந்த வருஷம் மார்ச். செய்யறதுக்கு முன்னாடியே வந்து இறங்கிருச்சா?"

"அப்போ அந்த மெக்கானிக் மாத்திட்டான்."

சர்வேயர் சீலை மெல்ல உரித்தார். அதன் அடியில் கிழிந்த பழைய சீலின் துணுக்கு ஒட்டியிருந்தது.

"யாரோ மேல திறந்து, புது சீல் ஒட்டியிருக்காங்க. தன் பட்டறையில தானே அறுக்கப்போற பெட்டிக்கு எவனாவது சீல் ஒட்டுவானா? ஒட்டினது விக்கறவங்க."

கடைக்காரர் நாற்காலியில் சரிந்தார். "காலிப் பெட்டிங்கள வேற பட்டறைங்கள்லேருந்து வாங்கி, போலிய வெச்சு ஒட்டுவேன்... பேடு இப்படிப் பெயரும்னு சத்தியமா தெரியாது."

சர்வேயர் உடனே காவல் நிலையத்துக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னார். "உன் அண்ணனை விட்டுடறாங்களாம்," என்றதும் தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சர்வேயர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

"பதினாலு செட்டு."

"ஒவ்வொருத்தரையா கூப்பிடுங்க. வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லுங்க."

கடைக்காரர் போனில் முதல் எண்ணை அழுத்தினார்.

"மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க? மலைப்பாதையா? பாப்பாவும் கூட இருக்காளா? ஐயோ, மெதுவா ஓரங்கட்டுங்க மாப்பிள்ளை... ஏன்னு கேக்காதீங்க, நிறுத்துங்க!"

மறுமுனையிலிருந்து, "நிறுத்திட்டேன் மாமா, என்ன ஆச்சு?" என்ற குரல் வந்தது.

"இன்னும் பதிமூணு," என்றார் சர்வேயர்.