தூபிக்குக் கொடுத்த கறண்ட்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நிகழ்ச்சி எதுவும் இல்லாத நாளில், வீட்டுக்கு எதிரேயிருந்த நினைவுத்தூபியின் ஒலிபெருக்கி 'டொக்' என்று ஒருமுறை தட்டிவிட்டு இரையத் தொடங்கியது. குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அனீஸாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

தூபியைப் போன மாதம்தான் திறந்தார்கள். இந்தச் சிறு பட்டினத்தில் பிறந்து, இயக்கத்தில் பெரிய தளபதியாகி, கடைசிச் சண்டையில் செத்துப்போனவருக்காக ஊர் கூடிக் கட்டியது. மினுக்கிய கறுப்புக் கல்லில் அவர் முகம். கதவைத் திறந்தால் அந்த முகத்தில்தான் விழிக்கவேண்டும்.

தூபிக் குழுத் தலைவர் கனகசபாபதி நல்ல மனிதர். திறப்பு விழாவுக்கு முன் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, கிட்டடியில வேற வீடில்லை. ஸ்பீக்கருக்கு மட்டும் உங்கடை வீட்டிலயிருந்து கறண்ட் தந்தால் பெரிய உதவி" என்றார்.

"ஓம் ஐயா, அதுக்கென்ன" என்றான் அனீஸாவின் கணவன் றியாஸ். முப்பது வருடம் புத்தளத்தில் அகதியாகக் கிடந்து, அனீஸாவின் வாப்பாவுடைய இடிந்த வீட்டைத் திருத்திக் குடிவந்தவர்கள், வந்த கையோடு ஊரை முறித்துக்கொள்ள முடியுமா? புத்தளத்துக் காணியை விற்றுத்தான் இந்தக் கூரையே போட்டார்கள். இன்னொரு தரம் கிளம்பினால் போக இடமில்லை.

தொண்ணூறில், முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று இந்தத் தெருவில் ஒலிபெருக்கியில் அறிவித்தது அந்தத் தளபதிதான். அனீஸாவுக்கு அப்போது ஏழு வயது. முகம் மறந்துபோயிருந்தது. குரல் மறக்கவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிக்கொண்டாள்.

இப்போது அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மீன் செதிளின் வாடையும் அடுப்பில் பொங்கி வழிந்த தேங்காய்ப்பாலின் தீய்ந்த மணமும் மூக்கிலேற, ஈரக்கையோடு ஓடிப்போய், யன்னல் வழியே தூபிக்குப் போகும் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

இரைச்சல் நிற்கவில்லை.

"எல்லாரும் வெளியில வாங்கோ. ரெண்டு மணித்தியாலம்."

கோபமே இல்லாத அதே குரல். சங்கக்கடைக்குச் சீனி வந்திருப்பதை அறிவிக்கிற குரல்.

வெளியே வெயில் கொளுத்தியது. தூபியடியில் கனகசபாபதி கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஸ்பீக்கர்..."

"அது பழுது தங்கச்சி. நேற்றே கழட்டித் திருத்தக் குடுத்திட்டம்."

அனீஸா நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்தின் உச்சியில் ஒன்றுமில்லை. அந்த வெறுமையிலிருந்துதான் குரல் வந்தது. அவர் காதில் அது விழவேயில்லை. குனிந்து கூட்டினார்.

திரும்பினாள். உள்ளே றியாஸ் நின்றான். கடையில் இருக்கவேண்டிய நேரம்.

"கடையைப் பூட்டிட்டன்" என்றான். கையில் சாவிக்கொத்தோடு அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தான். "வீட்டுத் திறப்பை எங்க வைக்கச் சொன்னவை?"

"ஆர் சொன்னவை? றியாஸ்! ஆர்?"

அவன் அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு உடுப்பாக எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

மகள். ஷம்னா எங்கே?

அறையில் இல்லை. கிணற்றடியில் இல்லை. "ஷம்னா!"

தெருப் படலை திறந்து கிடந்தது.

எட்டு வயதுப் பிள்ளை தெருவில் வெறுங்காலோடு நின்றாள். முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு. பின்னாலும் விட்டு. வரிசையில் நிற்பவளாக. காதுகள் இரண்டிலும் இரத்தம். நீட்டிய உள்ளங்கையில் இரண்டு தோடுகள்.

ஏழு வயதில், சோதனைச் சாவடியில், நகைகளைக் கழற்றி வாங்கிய இயக்கத்து அக்காவின் முன் அனீஸா இப்படித்தான் நின்றாள். மகளிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

"உள்ள வா, மகள்."

"அழாம நிண்டா விடுவினமாம், உம்மா."

பிள்ளையின் கையிலிருந்த தோடொன்று மெல்ல எழுந்தது. காற்றில் மறைந்தது. பிறகு மற்றது.

அனீஸா பாய்ந்து அவளைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. யாரோ மறுபக்கம் பிடித்திருந்தார்கள்.

"அந்த அக்கா உங்கடை வளையலையும் கேக்கிறா" என்றாள் ஷம்னா.

அனீஸாவின் மணிக்கட்டில் குளிர்ந்த விரல்கள் பட்டன. எதிரே கனகசபாபதி கறுப்புக் கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வளையல் விரல் மொளியில் இறுகியது. குளிர்ந்த விரல்கள் அதை இழுத்தன. தோல் உரிந்து கூடவே வந்தது.