வற்றிய மடி

வைத்த கோழிச்சாறு வைத்தபடியே ஆடை கட்டிக் கிடந்தது. ஆனால் குட்டிகளின் வாயோரம் பால் ஈரம் மினுங்கியது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எரிச்சல்தான் முந்திக்கொண்டது. சிசேரியன் முடிந்து குட்டிகளோடு வந்ததிலிருந்து நாய் கறுப்பி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. எலும்பில்லாத கறியை மசிய வேகவைத்து, சோற்றோடு பிசைந்து, தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்புக்குள் கையை விட்டு ஊட்டியும் பார்த்தாகிவிட்டது. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆசைப்பட்டு நாயைக் கொண்டுவந்தவள் மகள். விடுதியில் உட்கார்ந்துகொண்டு போனில் அதிகாரம் செய்பவளும் அவளே.

"சாப்பிட்டுச்சாம்மா?"

"நீ வந்து ஊட்டு. என் கையால தின்னா அதுக்குக் கௌரவக் குறைச்சலாம்."

"பாவம்மா, வயித்தக் கிழிச்சிருக்காங்க."

"உன்னையும் அப்படித்தான்டி எடுத்தாங்க. நான் என்ன, மூஞ்சியத் திருப்பிக்கிட்டா படுத்திருந்தேன்?"

மழை இருட்டிக்கொண்டு வந்த மாலையில் நாய் டாக்டரைப் போனில் அழைத்தாள்.

"சாப்பிடலன்னா பால் எப்படி ஊறும்? காம்ப அமுக்கிப் பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

ஒவ்வொன்றாக அமுக்கினாள். ஒரு சொட்டு இல்லை.

"அப்ப குட்டிங்க பசியில கத்தணுமே?"

"கத்தல. வயிறு பந்து மாதிரி இருக்கு."

"வேற ஏதாவது நாய் உள்ள வருதா?"

"கதவு பூட்டியே இருக்கு, டாக்டர்."

"காலையில எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க."

நாயும் குட்டிகளும் இருந்த பின்னறையில் எப்போதும் பழைய மெத்தையின் புழுக்கமும் மருந்து நெடியும் ஈர ரோமத்தின் வாடையும் கலந்தே வீசும். இன்று அவற்றுக்கெல்லாம் அடியில், புளிக்கத் தொடங்கிய பாலின் கனத்த வெதுவெதுப்பான மணம் கதவிடுக்கிலிருந்து கூடம் வரைக்கும் ஊர்ந்து வந்திருந்தது. எங்கே என்ன கொட்டிக் கிடக்கிறதோ. துடைக்க வேண்டியதும் அவள்தான். அலுத்துக்கொண்டே, தையல் இழுபடாமல் கறுப்பியை அள்ளிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டாள். பழக்க தோஷத்தில் கிண்ணத்தையும் முன்னால் நகர்த்தினாள்.

கறுப்பி தின்றது. மூச்சு விடாமல், கூம்பு தரையில் இடிக்க இடிக்கத் தின்றது. கிண்ணம் காலியான பிறகும் அதை நக்கி நக்கிச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது.

"அடிப்பாவி, இதுக்கா என்னை இந்தப் பாடு படுத்தின?" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வா. பிள்ளைங்க காத்திருக்கும்."

பின்னறை வாசலில் கறுப்பி நின்றுவிட்டது. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். நகங்கள் தரையைக் கீறின. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பசிக்காமல் இல்லை. இந்த அறைக்குள் வாயைத் திறக்கத்தான் அதற்குப் பயம்.

உள்ளே சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. சின்னச் சின்ன வாய்கள். நிதானமாக. அவற்றுக்கு மேலே, நீளமாக, ஈரமாக நக்கும் ஓசை.

விளக்கைப் போட்டாள். அது அறையின் பாதிவரைக்கும்தான் எட்டியது.

அட்டைப்பெட்டி காலி. கசங்கிய துணி மட்டும்.

பெட்டிக்கு அந்தப்பக்கம் பார்த்தாள். தரையில் இல்லை.

மேலே பார்த்தாள்.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, அவள் தலைக்கு மேல், குட்டிகள் வரிசையாகத் தொங்கின. கால்கள் அந்தரத்தில். முகங்கள் இருட்டுக்குள் புதைந்திருந்தன. வால்கள் ஆடின.

நக்கும் சத்தம் நின்றது.

கறுப்பி எப்போது ஓடியதோ. அவள் கையில் கூம்போடு கழன்ற கழுத்துப் பட்டை மட்டும் இருந்தது.

குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டி இன்னொருத்திக்கும் இடம் விடுவதுபோல மெல்ல ஓரமாக நகர்ந்தன. பால் கொடுக்கும் தாயைப்போல இருட்டு அவள் பக்கமாகச் சாய்ந்து படுத்தது.