படகோட்டிக்கு என்ன வேண்டும்?

எமில்டா வேலைக்கு வருமுன்பே அவள் வேலை ஒரு தடவை முடிந்திருக்கும். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்குள் கட்டியிருந்த மிதவைத் துறைமுகத்தில் அவள் பாரந்தூக்கி இயக்குபவள். எந்தக் கப்பல் எப்போது வரும், எமில்டா எந்தப் பெட்டியை முதலில் எடுப்பாள், நடுவில் எப்போது டீ குடிக்க இறங்குவாள் என்பதையெல்லாம் ஒத்திகைப்பொறி என்ற எந்திரம் முந்தின நாளே தனக்குள் நடத்திப் பார்த்துவிடும். அதற்காகப் பொறிக்குள் ஒரு நிழல் எமில்டா இருந்தாள். அவள் இன்று செய்ததை இவள் நாளை செய்வாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது பொய்த்ததில்லை. எமில்டாவுக்கு எரிச்சலே அதுதான்.

துறைமுகம் மட்டுமில்லை, ஊரே அப்படி ஆகியிருந்தது. பெண் பார்க்கப் போகுமுன்பே பெண்ணின் நிழலையும் மாப்பிள்ளையின் நிழலையும் பொறிக்குள் விட்டு முப்பது வருடம் குடித்தனம் நடத்திப் பார்த்தார்கள். புரோட்டாக் கடை போடுகிறவன்கூட ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் அடுப்பு வாங்கினான். நஷ்டம் குறைந்தது, விபத்து குறைந்தது. அதைக் குறை சொல்ல அவளுக்கும் வாய் வராது. ஆனால் உப்பில்லாத சோற்றை எத்தனை நாள்தான் தின்பது?

அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவள் வீட்டில் மேசைக்கதை ஆட்டம் நடக்கும். ஒருவர் கதையை நடத்த வேண்டும், அது எமில்டா. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதையை நடத்துகிறவளை நடத்துநர் என்று விதிப்புத்தகம் மரியாதையாகச் சொன்னது. அவள் மேசையில் எல்லோரும் "கண்டக்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆடுகிற நால்வரில் முரட்டுக்காளை ரூஃபஸ். ஐஸ் ஆலையில் வேலை. கதவைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது, உடைத்துத்தான் பழக்கம்.

எமில்டாவுக்கு ஓர் ஆசை இருந்தது. மதுரையில் நெய்தல் ஆட்டக்கூடம் என்றொரு பதிப்பகம் மழைக்காலந்தோறும் ஒரு சாகசத் தொகுப்பு வெளியிடும். அதில் வரும் சாகசத்தை ஒரே நாளில் உலகமெங்கும் தமிழ் மேசைகளில் ஆடுவார்கள். தான் கட்டிய கதைக்குள் முகம் தெரியாதவர்கள் நடந்துபோக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஆனால் சாகசம் எழுதி அனுப்ப ஒருவருக்கு வாழ்நாளில் மூன்று முன்மொழிவுகள்தான் அனுமதி. வருகிற முன்மொழிவை ஆட்டக்கூடத்தின் ஒத்திகைப்பொறி ஆயிரம் மேசைகளில் நிழலாட்டக்காரர்களை வைத்து ஆடிப் பார்த்து மதிப்பெண் போடும். எமில்டாவின் முதல் இரண்டும் தோற்றிருந்தன. மூன்றாவதுதான் 'உப்புக்கோட்டை'.

அனுப்பிய அன்றே மதிப்பெண் வருவது வழக்கம். வாரங்கள் போயின, ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஆட்டக்கூடத்தின் ஆசிரியர் மாயழகுவே மதுரையிலிருந்து வந்து அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"அக்கா, போன்ல சொன்னா புரியாது. அதான் நேர்ல வந்தேன்" என்றார்.

"தோத்துட்டேனா? பட்டுன்னு சொல்லுங்க சார்."

"தோக்கவும் இல்ல, ஜெயிக்கவும் இல்ல. இன்னும் ஆடிக்கிட்டு இருக்காய்ங்கக்கா. ஆயிரம் மேசையில ஒரு மேசைகூட கோட்டைக்குப் போய்ச் சேரல. எல்லாரும் கரையிலயே உக்காந்துட்டாய்ங்க."

எமில்டா திகைத்தாள். கதை எளிமையானது. கடலுக்கு நடுவே இருக்கும் உப்புக்கோட்டைக்குப் போய்க் களவுபோன மணியை மீட்டு வர வேண்டும். கரையில் ஒரு படகோட்டி நிற்பான். "கூலி வேண்டாம். எனக்கு ஒன்று வேண்டும். கொடுத்தால் அக்கரை சேர்ப்பேன்" என்பான்.

"என்ன வேணும்னு நீங்க எழுதலயேக்கா" என்றார் மாயழகு.

எமில்டா தலையில் கை வைத்தாள். பிறகு எழுதலாம் என்று விட்ட இடம் அது. மறந்தே போயிருந்தது. அவள் மேசையில் இந்தச் சாகசத்தை எத்தனையோ ஞாயிறு ஆடியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் படகோட்டி வாய் திறந்ததுமே ரூஃபஸ் அவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டுத் துடுப்பைப் பிடுங்கிக்கொள்வான். என்ன வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் இல்லாதது அவள் கண்ணில் படவே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

"நிழலாட்டக்காரங்க மரியாதை தெரிஞ்சவய்ங்க. கேட்டுப்புட்டாய்ங்க" என்று சொல்லிக்கொண்டே மாயழகு தன் கண்ணாடிப் பலகையை மேசைமேல் வைத்தார். "மத்தவங்க சாகசத்துல இப்படி ஓட்டையே இருக்காது. இருந்தா மார்க்கு குறையும்னு எல்லாத்தையும் அடைச்சுத்தான் அனுப்புவாங்க. இவங்களுக்கு இப்பத்தான் முதமுதலா ஒரு ஓட்டை கிடைச்சிருக்கு."

பலகையில் ஆட்டம் மேசை மேசையாக விரிந்தது. ஏட்டில் பதில் இல்லாததால் நிழல் நடத்துநர் ஒவ்வொரு மேசையிலும் ஆட்டக்காரர்களிடமே திருப்பிக் கேட்டிருந்தார்: அவருக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மேசையில் படகோட்டிக்குத் தன்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இன்னொன்றில் ஒரு நாள் நல்ல தூக்கம் வேண்டும். அவர் தூங்க, நால்வரும் முறைவைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மேசையில் எமில்டாவின் கண் நின்றுவிட்டது. அந்தப் படகோட்டி தன் படகு கடலில் போவதைக் கரையிலிருந்து பார்த்ததே இல்லை. எப்போதும் படகுக்குள்தானே இருந்திருக்கிறார்? அவருக்காக நால்வரும் படகை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற அவர், "அடேயப்பா, இவ்வளவு அழகாவா போகும்!" என்றார்.

எமில்டா அதை இன்னொரு தடவை படித்தாள். அவள் எழுதாத வரி அது. எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக எழுதியிருக்கவும் மாட்டாள்.

"ஒண்ணும் கெட்டுப்போகலக்கா" என்றார் மாயழகு. "இப்ப ஒரே ஒரு வரி எழுதுங்க. படகுக்காரருக்குப் புதுத் துடுப்பு வேணும்னு போடுங்க, போதும். பொறி முதல்லருந்து ஆடும். சாயங்காலத்துக்குள்ள மார்க்கு வந்துரும். இந்த வருசத் தொகுப்புல முதல் சாகசம் உங்களோடதுதான்."

"முதல்ல இருந்துன்னா, இவங்க?"

"அழிஞ்சிருவாய்ங்க."

"கரையில நிக்காரே, அவரு?"

மாயழகு கழுத்தைச் சொறிந்தார். எமில்டா பலகையைத் தன் பக்கம் இழுத்து, புதுத் துடுப்பு என்று எழுதினாள். வெறும் நிழல்கள்தானே என்று தனக்குத்தானே சொல்லியும் பார்த்தாள். துறைமுகத்துப் பொறிக்குள் தனக்குப் பதிலாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கும் இன்னொருத்தி நினைவுக்கு வந்தாள். அவளையும் தினம் அழித்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்குவார்கள். எழுதியதை அழித்தாள்.

"எழுதாட்டி என்னாகும் சார்?"

"மார்க்கு வர்ற வரைக்கும் பொறிய நிறுத்தக் கூடாதுங்கிறது எங்க விதி. நீங்களா திரும்ப வாங்கலேன்னா அது பாட்டுக்கு ஆடும். ஆனா உங்க மூணாவது வாய்ப்பும் அதுலயே மாட்டிக்கிரும். உங்க பேரு தொகுப்புல வரவே வராதுக்கா."

"ஆடட்டும்" என்றாள் எமில்டா. அவர் போனபிறகு கொஞ்சம் அழுதாள். ஆசை சின்னதாக இருந்தாலும் அது அவளுடைய ஆசை.

மழைக்காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை மாயழகு மறுபடி வந்தார். மேசையைச் சுற்றி நால்வரும் இருந்தார்கள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு.

"ஒரு முன்மொழிவு வந்திருக்குக்கா. எங்க பொறிக்குள்ளருந்தே. கரையில இருந்தவய்ங்க எல்லாம் சேர்ந்து எழுதியிருக்காய்ங்க. மனுசங்க ஆடிப் பார்த்து மார்க்கு போடணுமாம். முதல் மேசை உங்களோடதா இருக்கணும்னு கேட்டிருக்காய்ங்க. உங்க ஊரு, வேலையெல்லாம் உங்க முன்மொழிவுல இருந்துச்சுல்ல."

எமில்டா வாங்கி உரக்கப் படித்தாள். எல்லாமே முன்கூட்டித் தெரிந்துவிட்ட ஊர். அதன் மிதவைத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது. அதிலிருந்து ஒரு பெட்டியை மீட்க வேண்டும். பாரந்தூக்கியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். "கூலி வேண்டாம். எனக்கு ஒன்று வேண்டும். கொடுத்தால் பெட்டியை இறக்குவேன்" என்கிறாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது எழுதப்படவில்லை. அந்த இடத்தில் வெற்றிடம் விட்டிருந்தார்கள், மறதியால் அல்ல.

ரூஃபஸ் பழக்கதோசத்தில் பகடையைக் கையில் எடுத்தான். பாரந்தூக்கியில் ஏறி அவளைத் தள்ளிவிடப் போகிறான் என்று மற்ற மூவரும் காத்திருந்தார்கள். அவன் எமில்டாவைப் பார்த்தான். பகடையை மெல்ல மேசையில் வைத்தான்.

"உனக்கு என்ன வேணும், கண்டக்டர்?"

எமில்டா பகடையைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் முந்தின நாளே தெரிந்திருந்தது. "தெரியலலே" என்றாள். "என்னவா இருக்கும்?"

நால்வரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒவ்வொன்றையும் அவள் யோசித்துப் பார்த்து இல்லை என்றாள். அழுகையும் சிரிப்புமாகப் பொழுது போனதே தெரியவில்லை. ஆட்டம் முடியாமலேயே எழுந்து போனார்கள். திங்கட்கிழமை விடிந்ததும், வேலைக்குப் போகும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன் என்று ரூஃபஸ் வந்தான். அவன் உட்கார்வதற்குள் மற்ற மூவரும் அதையே சொல்லிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

போன் அடித்தது. துறைமுக மேற்பார்வையாளர். பாவம், அவருக்கு மூச்சு வாங்கியது.

"எம்மா எமில்டா, கப்பல் வந்து நிக்குது! எங்க இருக்க? ஒத்திகையில நீ நேரத்துக்கு வந்திருந்தியே!"

"அவ வந்திருப்பா சார்" என்றாள் எமில்டா. "எனக்கு என்ன வேணும்னு இப்பதான் கேட்டிருக்காவ. சொல்லிட்டு வாரேன்."