முப்பத்திரண்டு குடங்களும் ஒரு நாயும்

ஷ்ரவ்யா தன் படத்தில் முப்பத்திரண்டு குடங்கள் வரைந்திருந்தாள். ஒரு குடத்தின் நிறம் இன்னொரு குடத்துக்கு வரக் கூடாது என்று அடம்பிடித்ததில் நான்கு மாதம் ஓடிப்போனது.

அவள் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் நல்ல தண்ணீர் வரும். அன்று காலை குழாயடியில் நடக்கும் கூத்தை, வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒன்று விடாமல் பார்ப்பாள். அதைத்தான் வரைந்தாள். முறைத்துக்கொண்டு நிற்கும் அத்தைகள், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு டீக்கடைக்கு நழுவும் மாமா, கடைசியில் மஞ்சள் குடத்தோடு கொட்டாவி விடும் அக்கா. குழாயில் தண்ணீர் நூலாகிவிட்டது. அது அந்த அக்காவுக்கு இன்னும் தெரியாது.

எல்லாருக்கும் முன்னால், குழாயை ஒட்டி, தெருநாய் மணி உட்கார்ந்திருந்தது. அதற்குக் குடம் கிடையாது. ஆனாலும் இடத்தை விடாது.

படத்தைப் பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டும். ஷ்ரவ்யாவுக்கு அது போதும்.

சனிக்கிழமை காலை போத்தனூர் சமுதாயக் கூடத்தில் கண்காட்சி. மாற்றுத்திறனாளிகள் பதினெட்டுப் பேரின் படங்கள். பத்து மணிக்குத் திறப்பு என்றால், ஷ்ரவ்யா ஒன்பது மணிக்கே அம்மாவோடு வந்துவிட்டாள். வாசல் படிகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சாய்தளம் கட்டியிருந்தார்கள்.

"தள்ளட்டுமா கண்ணு?" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா, நானே ஏறிக்கறேன்."

ஏறியும் விட்டாள். உள்ளே போய்த் தன் படத்தைத் தேடிப் பிடித்தாள். படத்துக்குக் கீழே ஒரு பெரிய அட்டை தொங்கியது.

'நடக்க இயலாத சிறுமி. சக்கர நாற்காலியே இவள் உலகம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மூலையில் எறும்பு அளவுக்கு 'ஷ்ரவ்யா' என்று இருந்தது.

குடங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மணியைப் பற்றியும் இல்லை.

நாற்காலிகளை வரிசையாகப் போட வந்த ஒரு அம்மாள் அட்டையைப் படித்தார். "அடப் பாவமே" என்று ஷ்ரவ்யாவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அடுத்து மைக் கட்டுகிறவர் வந்தார். அவரும் அட்டையைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார். டீ கொண்டுவந்தவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூன்று பேரில் ஒருவர்கூடத் தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்க்கவில்லை.

நாய் முதலிடம் பிடித்த படத்தின் முன்னால் நின்று அழுகிறார்களே என்று ஷ்ரவ்யாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. பத்து மணிக்கு இருநூறு பேர் வருவார்கள். இருநூறு பேரும் இப்படியே போய்விட்டால்?

பக்கத்துப் படம் சின்னப்பராஜுடையது. விசைத்தறியில் வலது கையை இழந்தவர். இடது கையால் போத்தனூர் ரயில் நிலையத்தை வரைந்திருந்தார். அதன் ஓரத்தில் மூட்டை மேல் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்த அட்டைய எடுக்கச் சொல்லலாங்களா?"

"எனக்கும் புடிக்கலை கண்ணு. ஆனா யாரு போய்ச் சொல்றது?" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "வெங்கடபதி ஐயா நல்ல மனுசன். வாசல்ல சாய்தளம், மண்டப வாடகை, படச் சட்டம், சாப்பாடு எல்லாம் அவரு செலவு. முழங்கால் வலி, சர்க்கரை எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்து அவரே எழுதினாராம். மனசு நொந்துபோயிருமல்ல?"

அந்தப் பக்கம் அஃப்ஷீன் அக்கா தன் படத்தைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் தெரியாது. கம்பளி நூலும் பாசிமணியும் ஒட்டி, தகரக் கூரையில் விழும் மழையைச் செய்திருந்தார்.

"என்ற அட்டையில என்னம்மணி போட்டிருக்குது? படி பாக்கலாம்."

"இருளே இவர் வாழ்க்கைன்னு இருக்குதுங்கக்கா."

அக்கா சிரித்துவிட்டார். "ரெண்டு புள்ளைங்கள இஸ்கூலுக்குக் கெளப்பி, கடையத் தொறந்து... எனக்கு இருளுக்கெல்லாம் எங்க நேரம்?"

ஷ்ரவ்யாவும் சிரித்தாள். பிறகு யோசித்தாள். ஐயாவின் மனமும் நோகக் கூடாது, அட்டையும் இருக்கக் கூடாது. மேசை மேல் மிச்சமிருந்த ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள். ஒரு பக்கம் எழுதினாள். திருப்பி மறுபக்கமும் எழுதினாள்.

மில் முதலாளி வெங்கடபதி வாசலில் மாவிலைத் தோரணத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஏனுங்கையா, எல்லாருக்கும் அட்டை எழுதினீங்க. உங்களுக்கு மட்டும் இல்லீங்களே. நான் எழுதிப்போட்டேனுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "எனக்குமா? குடு அம்மணி." கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "முழங்கால் வலியால் படி ஏற இயலாதவர். சர்க்கரை வியாதியே இவர் உலகம்."

சின்னப்பராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"மூலையில பேரு இருக்குதுங்க" என்றாள் ஷ்ரவ்யா.

"ஏம்மணி, நாப்பது வருசமா மில்லு நடத்தறேன். இன்னைக்கு இத்தனை செஞ்சிருக்கேன். அதெல்லாம் எழுதோணும்னு உனக்குத் தோணலையா?"

"பின்னாடி திருப்பிப் பாருங்கையா."

அவர் திருப்பினார். இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை. அதில் இப்படி இருந்தது:

'வெங்கடபதி. இந்தக் கூடத்துக்குச் சாய்தளம் கட்டியவர். இன்று காலை அதில் நான் தனியாகவே ஏறினேன்.'

அதையே அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக நடந்து ஷ்ரவ்யாவின் படத்திடம் போய், தான் எழுதிய அட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிப்போட்டேனே அம்மணி" என்றார். "நேரம் இப்ப என்ன?"

"ஒன்பதரைங்க."

"பேனா எத்தனை இருக்குது? எல்லாத்தையும் எடு. அத்தனை அட்டையும் திருப்புங்கப்பா."

அரை மணி நேரம் கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. வெங்கடபதி ஒவ்வொருவரிடமும் போய், "நீங்களே சொல்லுங்க, என்ன எழுதட்டும்?" என்று கேட்டு எழுதினார். பெயரைத்தான் இப்போது கொட்டை எழுத்தில் போட்டார்.

'சின்னப்பராஜ். மூட்டை மேல் தூங்குகிறவர் என் மச்சான். தயவுசெய்து எழுப்பாதீர்கள்.'

'அஃப்ஷீன். கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள். நனைந்தால் நான் பொறுப்பல்ல.'

'ஷ்ரவ்யா. நல்ல தண்ணீர் வரும் நாள். முதலில் வந்தது யார்? கண்டுபிடியுங்கள்.'

பத்து மணிக்குக் கூட்டம் உள்ளே வந்தது. சின்னப்பராஜின் மச்சானைப் பார்க்க நான்கு பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மழைப் படத்தின் முன்னால் ஒரு காவல்துறை அதிகாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, சின்னப் பையனைப்போல் விரலை ஓடவிட்டார்.

ஷ்ரவ்யாவின் படத்தின் முன்னால் ஒரு பையன், "நாய், நாய்" என்று கத்தினான். அவன் அம்மா குனிந்து பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே நீளமாக ஒரு வரிசையே உருவாகிவிட்டது.

"ஏனுங்க, நான் முன்னாடியே வந்துட்டனுங்க."

"இல்லீங்க, பையை வெச்சுட்டுப் போனேனுங்க."

குழாயடி மாதிரியே சண்டை நடந்தது. வெங்கடபதியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். யாரோ அவரை முன்னால் போகச் சொன்னதற்கு, "எனக்கும் முன்னாடி நாய் நிக்குதுங்க. வரிசையிலயே வாரேன்" என்றார்.

அப்போது காலையில் நாற்காலி போட்ட அம்மாள் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். குடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனவர், மஞ்சள் குடத்தில் நின்றுவிட்டார். குழாயைப் பார்த்தார். நூலாக ஒழுகும் தண்ணீரைப் பார்த்தார்.

"அடப் பாவமே" என்றார். "இந்தப் புள்ளைக்குத் தண்ணி கிடைக்காது போலிருக்குதே."

ஷ்ரவ்யாவுக்குக் காது வரை சிரிப்பு வந்துவிட்டது.