சிவப்புப் பொத்தான்கள்

அந்த வகுப்பில் அவளை எல்லோரும் ‘பொத்தான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரரின் மகள். எப்போது பார்த்தாலும் பையில் பத்துப் பொத்தானாவது கலகலவென்று கிடக்கும். பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

அடுத்த வாரம் சனிக்கிழமை வகுப்பு நாடகம். அதில் பொத்தானுக்கு இடி வேஷம். திரைக்குப் பின்னால் நின்று ஒரு தகரத்தைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மூன்று வாரமாக அவள் தட்டிய தட்டில் பக்கத்து வீட்டுப் பூனை குடியே மாறிப் போய்விட்டது!

இப்போது அந்த நாடகத்துக்கே ஆபத்து.

செவ்வாய்க்கிழமை அவள் வகுப்புப் பையன் சுருட்டைக்குக் கண் சிவந்தது. புதன்கிழமை மூன்று பேர் ஆனார்கள். வியாழக்கிழமை ஆறு பேர். அன்று மதிய இடைவேளை முழுவதும் தலைமையாசிரியை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கண்ணைப் பார்த்தார்; கண் சிவந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

“திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்க்கிறேன். அன்னைக்குப் புதுசா ஒரு சிவப்புக் கண் வந்தாலும் நாடகம் கிடையாது.”



“எல்லாம் சுருட்டையாலதான். இனிமே அவன்கூட யாரும் உட்காரக் கூடாது” என்றாள் வகுப்பிலேயே உயரமான நெட்டை.

“பாவம்டி அவன். வேணும்னேவா வர வச்சுக்கிட்டான்?” என்றாள் பொத்தான். ஆனால் அவளுக்கும் ஒன்று புரியவில்லை. சுருட்டையின் பக்கத்தில் உட்காருபவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பள்ளிக்கு எதிரேதான் அப்பாவின் தையல் கடை. மாலையில் துணி வெட்டும் மேசையில் அவள் முப்பது பொத்தான்களைப் பரப்பினாள். ஒரு பொத்தான் ஒரு பிள்ளை. வகுப்பில் பெஞ்சு இருக்கிற மாதிரியே அடுக்கினாள். கண் சிவந்த ஆறு பேருக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை.

“அம்மாடி, அந்தச் சட்டையை நாளைக்குக் கொடுக்கணும். பொத்தானைத் தொலைச்சுடாதே” என்றார் அப்பா, ஊசியில் நூல் கோத்தபடி.

“தொலைக்க மாட்டேன்ப்பா. கணக்குப் போடறேன்.”

பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஒட்டும் என்றால் சிவப்பெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இங்கேயோ முன் பெஞ்சில் ஒன்று, கடைசி பெஞ்சில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று என்று சிதறிக் கிடந்தன. சரி, இந்தக் கணக்கு தப்பு.

பெயர்களைச் சரிபார்க்க அவள் நோட்டைத் திருப்பினாள். அதில் வேறொரு பட்டியல் இருந்தது. பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது.

போன வாரம் அவள் அட்டைக்குழாயும் கண்ணாடித் துண்டும் உடைந்த பொத்தான்களும் வைத்து ஒரு கலைடாஸ்கோப் செய்திருந்தாள். கண்ணை ஒட்ட வைத்துத் திருப்பினால் உள்ளே பூக்கோலம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் பிடுங்கிக்கொண்டதால் அவளே சட்டம் போட்டாள். திங்கட்கிழமை தொடங்கி மதியத்தில் தினம் மூன்று பேர், சீட்டுப் போட்டு எடுத்த வரிசையில்.

பொத்தான்களை அந்த வரிசைப்படி மாற்றி வைத்தாள். முதலில் சுருட்டை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு! அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை. திங்கட்கிழமை பார்த்தவர்களுக்குப் புதன்கிழமைக்குள் சிவந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை பார்த்தவர்களுக்கு வியாழக்கிழமை.

“அப்பா, என் குழாய்தான்ப்பா எல்லாருக்கும் கொடுத்திருக்கு” என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். “தெரிஞ்சா செஞ்சே? இப்ப என்ன செய்யப்போறே, அதைச் சொல்லு.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். புதன்கிழமை மூன்று பேர் பார்த்தார்கள். அவர்களுக்கு நாளை சிவக்கும். இன்று கண் பரிசோதனை நடந்ததால் குழாய் பையை விட்டு வெளியே வரவே இல்லை. அப்படியானால் நாளை மறுநாள் சனிக்கிழமை யாருக்கும் வராது. திங்கட்கிழமையும் வராது!

நோட்டையும் குழாயையும் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாகப் பள்ளிக்கு ஓடினாள். நல்லவேளை, தலைமையாசிரியை இன்னும் கிளம்பவில்லை. அவர் பட்டியலை இரண்டு முறை படித்தார்.

“நாளைக்கு இந்த மூணு பேருக்கு மட்டும்தான் வரும்னு சொல்றே.”

“ஆமா டீச்சர். அவங்க நாளைக்கு வீட்டுலயே இருந்துட்டா, அப்புறம் யாருக்கும் வராது.”

“நெட்டை, மணி அடிக்கிற பையன். மூணாவது...” அவர் நிமிர்ந்து பார்த்தார். “இது உன் பேராச்சே?”

“செஞ்சவ கடைசியிலதான் பார்க்கணும்னு நினைச்சேன் டீச்சர். ஆனா பொறுக்க முடியல, சீட்டுல வந்த ஒன்பதாவது இடத்திலேயே பார்த்துட்டேன்.”

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். குழாயை ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். “சரி, மூணு பேர் வீட்டுக்கும் நானே சொல்லிடறேன். வீட்டுல உனக்குத் தனித் துண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கண்ணைத் தொடாதே.”

வெள்ளிக்கிழமை காலை பொத்தான் எழுந்ததும் கண்ணாடி முன்னால் ஓடினாள். இரண்டு கண்ணும் தக்காளிப் பழம்.

“அம்மா! சிவந்துடுச்சு! சிவந்துடுச்சு!” என்று குதித்தாள்.

“கண் வலிக்கு இப்படிக் குதிக்கிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நெட்டைக்கும் மணி அடிக்கிற பையனுக்கும்கூடச் சிவந்துவிட்டதாம்.

ஆனால் திங்கட்கிழமை வர வேண்டுமே! ஒருவழியாக வந்த திங்கட்கிழமை காலை முழுவதும் அவள் கடையின் உள்ளறையில் தகரத்தை மடியில் வைத்தபடி தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு அது அடித்தது.

“ஒருத்தன் கண்ணைக் கசக்கிக்கிட்டே வந்தான்” என்றார் தலைமையாசிரியை.

“ஐயோ! சிவந்திருக்கா டீச்சர்?” என்றாள் பொத்தான்.

“கிட்டப் போய்ப் பார்த்தேன். வெறும் தூக்கக் கலக்கம்! புதுசா ஒருத்தருக்கும் இல்லை. நாடகம் உண்டு. சுருட்டைக்குச் சரியாயிடுச்சு, வந்துட்டான். நீ குழாயைப் பத்திச் சொன்னதை வகுப்பிலே சொன்னேன். அவன் பக்கத்துல உட்கார இப்ப அடிபிடி. சனிக்கிழமைக்குள்ள உனக்கும் சரியாயிடும். இடி தயாரா?”

“தயார் டீச்சர்!”

முன்னறையில் அப்பா ஒருவருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து டமால் என்று ஒரு இடி இடித்தது. அளவு கொடுத்தவர் துள்ளிய துள்ளலில் நாடா எகிறிக் கூரை விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது.

“பயப்படாதீங்க. எங்க பொண்ணு போட்ட கணக்கு சரியா வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு, அப்பா நாடாவை எடுக்க முக்காலி மேல் ஏறினார்.