சீல் பிரியாத பெட்டி

கணினி பதிவை மறுபடியும் திருப்பி அனுப்பியது. எடை: பூஜ்யம்.

சுமலதா கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். மூலக்குளம் தாண்டி, வில்லியனூர் சாலையோரம் இருந்த அந்தக் கிடங்கில், வெளிநாட்டுச் சரக்குகள் சுங்கத்தின் அனுமதி வரும்வரை காத்துக் கிடக்கும். அவற்றின் விவரங்களைக் கணினியில் பதிந்து அனுப்புவது அவள் வேலை. எடை போட்டுப் பூட்டிக் காப்பது அவள் கணவன் கோபிநாத்தின் வேலை. இப்போது பதிவது பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் பிரான்சிலிருந்து வரவழைத்த காலி மரப்பெட்டி. பன்னிரண்டு கிலோ என்று அனுப்பியவர் எழுதியிருந்தார்.

"தராசுல தண்ணி எறங்கியிருக்கும். திரும்ப வச்சுப் பாத்துட்டு வரேன்" என்று கோபிநாத் எழுந்து போனான்.

புயல் வருகிறதென்று மற்றவர்கள் மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். தகரக் கூரையை மழை அறைந்துகொண்டே இருக்க, நனைந்த சாக்குகளின் புளித்த வாடை கதவிடுக்கு வழியாக அலுவலகத்துக்குள் ஊர்ந்து வர, தராசிலிருந்து எடை வந்து விழும் கட்டத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு. அப்பாடா என்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறியது. எண்பத்தாறு.

விளையாட்டுக்குத் தராசில் ஏறி நிற்கிறான் என்று நினைத்தாள். இறங்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள். எண் இறங்கவில்லை.

கிடங்குக்குள் போனாள். தராசின் மேல் பெட்டி மட்டும். சுங்கத்தின் ஈயச் சீல் அப்படியே இருந்தது. பக்கத்தில் அவன் செருப்பு, கால் இப்போதுதான் விலகியதுபோல ஈரமாக. கைப்பேசியில் அழைத்தாள்.

மணி பெட்டிக்குள் அடித்தது.

"சுமா, மூச்சு முட்டுது."

அவன் குரல்தான். நகம் பெயர மூடியை இழுத்தாள். கடப்பாரை எடுத்து வந்து ஓங்கி அடித்தாள். மரத்தில் கீறல்கூட விழவில்லை. சீல் கம்பியை நறுக்கப் போன குறடு இரண்டாக உடைந்தது. போலீசுக்குப் பேசினாள். சாலையில் மரம் விழுந்திருக்கிறது, வெட்டிவிட்டு வருகிறோம் என்றார்கள். சுங்க அதிகாரி ஆதிமூலத்தை அழைத்துக் கதறினாள். மழை இரைச்சலில் அவருக்குப் பாதிதான் கேட்டது.

"பதிவு ஏறாம அந்த சீல் தொறக்காதும்மா" என்றார். இணைப்பு அறுந்தது.

பதிவு.

ஓடி வந்து கணினி முன்னால் விழுந்தாள். எடை எண்பத்தாறு என்று போட்டாள். பொருள் விவரம் எடையோடு பொருந்தவில்லை என்றது. காலிப் பெட்டி என்பதை அழித்துவிட்டு மரச்சாமான் என்று அடித்தாள். பொருந்தவில்லை. இரும்பு. பொருந்தவில்லை. கிடங்கில், பெட்டிக்குள் அவன் இருமினான். பிறகு இருமவில்லை.

அடித்தாள்.

கோபிநாத். உயிருடன்.

உடனே ஏற்றுக்கொண்டது. இறக்குமதிச் சரக்காகப் பதிவாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. சரக்கு என்ற வார்த்தையைப் படித்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கிடங்கில் ஈயத்துண்டு தரையில் விழும் சத்தம்.

ஓடினாள். மூடியைத் திறந்தாள்.

உள்ளே இன்னொரு பெட்டி. அதே மரம். அதே சீல். தொட்டதும் கழன்றது.

அதற்குள் ஒன்று.

"சீக்கிரம், சுமா."

அதற்குள் ஒன்று. பெட்டி சிறுத்துக்கொண்டே போனது. குரல் சிறுக்கவில்லை. அதே கனம், அதே கரகரப்பு, காதோரம் பேசுவதுபோல. அழுதுகொண்டே திறந்தாள். உடைந்த ஓடுகள்போலப் பெட்டிகள் சுற்றிலும் இறைந்தன.

கடைசியாக, தீப்பெட்டி அளவில் ஒன்று. தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். முழு ஆளின் பாரம்.

"என்னங்க" என்றாள்.

உள்ளே ஏதோ உரசியது. ஈரமாக.

நகத்தால் மூடியை நெம்பினாள்.

உள்ளே, நான்கு பக்கமும் மரத்தில் அழுந்தி, அவன் கண். ஒரே கண். பெட்டியை விளிம்புவரை அடைத்துக்கொண்டு. இமைக்க இடமில்லாமல் அவளையே பார்த்தது. மெல்ல நீர் கோத்து, மரவிளிம்பு வழியாக வழிந்தது.

வெதுவெதுப்பாக.