வாய் மூடிய ஈரல்

ஊமையாக இருக்க வேண்டிய செல் ஒன்று பச்சையாக மின்னியது. சாயம்தான் ஒட்டியிருக்கும் என்று கண்ணாடித் தகட்டைக் கழுவி, மறுபடி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். இப்போது ஏழெட்டு மின்னின.

வெளியே பட்டப்பகல். கறுப்புத் திரைக்கு உள்ளே, இந்த அறையில் மட்டும் எப்போதும் இருட்டு, ஸ்பிரிட் வாடை, விளக்குப் பெட்டியின் விசிறி ஓயாமல் முனகும் சத்தம். கருவிலிருக்கும் எலிக்குஞ்சுக்கு ஈரல் உருவாகும்போது எந்த செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. வேலை செய்தால் பச்சை தெரியும், 'பேசுது' என்பார்கள். ஈரல் செல்களில் மட்டும் அந்த மரபணுவின் வாயை அடைத்துவிட்டு, குஞ்சு என்ன பாடுபடுகிறது என்று கவனிப்பார்கள். என்ன படும்? செத்துப்போகும். சும்மா சொல்லக்கூடாது, வாயை அடைப்பதில் அவள் படு கெட்டிக்காரி.

இரண்டு தங்காமல் போய், அவள் வயிற்றில் இருப்பது மூன்றாவது, ஏழு மாதம். காலையில்கூட எட்டி உதைத்தது. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பையன் கேலி செய்தான்: "உள்ள ஒரு ஆளு கேட்டுட்டு இருக்குக்கா. மெதுவா வாய அடைங்க." அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

மறுபடி குனிந்தாள். பச்சை பாதி ஈரலுக்குப் பரவியிருந்தது. செத்து, மருந்தில் ஊறி, தாளைவிட மெல்லிசாகச் சீவிய துண்டு. அது விட்டு விட்டு மின்னியது. ஈரல் துடிக்காது, இதயம்தான் துடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த வேகம் அவளுக்குத் தெரிந்த வேகம். போன வாரம் டாக்டர் அவள் வயிற்றில் கருவியை வைத்தபோது, குழந்தையின் துடிப்பு குதிரை ஓடுவதுபோலக் கேட்டதே, அதே வேகம்.

ஈரக்குலை நடுங்கியது அவளுக்கு. வயிற்றைத் தொட்டாள். அசைவில்லை. தட்டினாள். இல்லை.

விளக்கை அணைத்தாள். விளக்கில்லாமல் இந்தப் பச்சை தெரியாது.

தெரிந்தது.

"செல்லம், அம்மாவுக்காக ஒரே ஒரு தடவ உதைடா."

கண்ணாடித் தகட்டில் பளிச்சென்று ஒரு துள்ளல். வயிறு அப்படியே கிடந்தது.

திரைக்கு வெளியே பையனின் குரல். "பாத்து முடிச்சாச்சுன்னா குடுங்கக்கா, குப்பையில போட்டுடறேன்."

அவள் தகட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கைச்சூட்டில் ஈரம் காய்ந்தது. விரலிடுக்கில் தெரிந்த ஓரத்துப் பச்சை அணைந்தது. பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, உள்நோக்கி, செல்கள் வாயை மூடிக்கொண்டிருந்தன.